கேம், கண்ணையன்

மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுகிற நேரத்தில் பூங்குழலி தூங்கிவிட்டாள். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் பெரம்பலூருக்குக் கிளம்புவதாகத்தான் வந்திருந்தாள். பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரி மைதானத்தில் பெண்களுக்கான சர்வதேச டென்னிஸ் போட்டி நடக்கவிருந்தது. ஜப்பான், தாய்லாந்து, ரஷ்யா என்று எங்கெங்கிருந்தோ பெண்கள் முதுகில் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு வந்து, பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பூங்குழலிக்கும் விடுதியில் ஓர் அறை தயாராக இருந்தது. பன்னிரண்டு வருஷமாகத் தேசம் தேசமாகப் போய் டென்னிஸ் ஆடிப் பிழைக்கிறவள், பிறந்த வீட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் ஆடுவது இதுதான் முதல் தடவை. அம்மா கையால் ஒரு வாய் சாப்பிட்டுப் போவோமே என்று திருமானூரை ஒட்டிய தன் ஊருக்கு வந்தாள். கருவாட்டுக் குழம்பு உள்ளே போனதும் கண் சொருகிவிட்டது.

ஜெகதாம்பாள் மகளை எழுப்பியிருக்கலாம். எழுப்பவில்லை. பஸ் நேரம் தெரியாதவளா என்றால் அதுவும் இல்லை. தெருவில் மேளச் சத்தம் கேட்டு, ஊருக்குக் காப்புக் கட்டியாச்சு என்று குரல் கொடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகுதான் பூங்குழலி தலைமுடியை அள்ளி முடிந்தபடி வெளியே வந்தாள்.

காப்புக் கட்டும்போது ஊரில் இருந்தவர்கள் திருவிழா முடிகிறவரை வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம்; பொழுது சாய்ந்தால் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். வீட்டில் எண்ணெய் காயவைத்துத் தாளிக்கவும் கூடாது. அடுத்த ஞாயிறு தீமிதி முடிந்து காப்பை அறுக்கிறவரை இதுதான் சட்டம். கலெக்டருக்குக் கொடுத்த வாக்கைக் கூட மீறுவார்கள், இதை மீறமாட்டார்கள்.

"எழுப்பியிருக்கக் கூடாதாம்மா? செவ்வாக்கெழம எனக்கு மேட்ச் இருக்கு."

"பகல்ல போயிட்டு வா, யாரு வேணாங்கறா? ராவுக்கு வூட்டுக்கு வந்துரு. அப்பா நம்ம ஆம்னி வேன்ல கூட்டிட்டுப் போயி கூட்டிட்டு வருவாரு" என்றாள் ஜெகதாம்பாள், ஏற்கெனவே முடிவாகிவிட்ட விஷயத்தைச் சொல்கிற தோரணையில்.

பெரிய சண்டை வரும் என்று அப்பா கண்ணையன் எதிர்பார்த்தார். உலகமெல்லாம் சுற்றிய பெண், இதற்கெல்லாம் கட்டுப்படுவாளா? ஆனால் பூங்குழலி வாசலைப் பார்த்தபடி, "சரி" என்று மட்டும் சொன்னாள். அவ்வளவு சுலபத்தில் அவள் சரி சொன்னது அவருக்கு என்னவோ போலிருந்தது.

மனைவியின் கணக்கு அவருக்குத் தெரியும். பூங்குழலிக்கு முப்பது நெருங்குகிறது. போன வருஷம் தோள்பட்டை வலி முற்றி ஆறு மாதம் ஆடவில்லை. உலக வரிசையில் ஒரு காலத்தில் முந்நூற்றுச் சொச்சத்தில் இருந்தவள், இப்போது எண்ணூறுக்கும் கீழே இறங்கிவிட்டாள். யாரும் இல்லாத ஊர்களில் தனியாகத் தங்கி, தனியாகச் சாப்பிட்டு, தோற்றுவிட்டுத் தனியாக பஸ் ஏறுகிறாள். இதற்கிடையில் போட்டி நடக்கும் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் கலையரசன், இங்கேயே கோச் வேலை இருக்கிறது, தங்க வீடும் தருகிறோம், போட்டி முடிவதற்குள் பதில் சொல்லுங்கள் என்று சொல்லியிருந்தார். பூங்குழலி சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"நான் சொன்னா கோவம் வரும். நீங்க சொன்னா கேப்பா. போதும் சாமி, வந்துருன்னு ஒரு வார்த்த சொல்லுங்க" என்றாள் ஜெகதாம்பாள்.

கண்ணையனுக்கும் அதே எண்ணம்தான். மகளை நினைத்து அவரும் சரியாகத் தூங்கி நாளாகிறது. ஆனால் ஆட்டத்துக்குப் போகிற பெண்ணிடம் எப்படிச் சொல்வது? "செவ்வாக்கெழம தோத்துட்டு வருவா. வரும்போது வண்டியிலயே சொல்லிடறேன்" என்று வாக்குக் கொடுத்தார். பெற்ற மகள் தோற்பாள் என்று அடித்துச் சொன்ன முதல் அப்பா அவராகத்தான் இருக்கும்.

இத்தனைக்கும் அவளை இந்த ஆட்டத்தில் இறக்கிவிட்டதே அவர்தான். அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் மெஷின் பழுதுபார்க்கிற பிட்டராக இருந்தார். குடியிருப்பில் ஆபீசர்கள் கிளப் ஒன்று இருந்தது, அதில் ஒரு டென்னிஸ் கோர்ட்டும் இருந்தது. காலையும் மாலையும் ஆபீசர்கள் ஆடுவார்கள். மண்டையைப் பிளக்கிற மதிய வெயிலில் மட்டும் தொழிலாளிகளின் பிள்ளைகள் ஆடிக்கொள்ளலாம் என்று பெரிய மனசு பண்ணியிருந்தார்கள். மற்ற பிள்ளைகள் இரண்டு நாளில் ஓடிவிட்டன. பூங்குழலி மட்டும் ஓடவில்லை. அவள் டென்னிஸ் கற்றுக்கொண்டாளோ இல்லையோ, வெயிலை நன்றாகக் கற்றுக்கொண்டாள்.

அப்புறம் சென்னை, புனே, வெளிநாடு என்று அவள் போய்விட்டாள். அவள் ஆடுவதை அவர் நேரில் பார்த்ததே இல்லை. முதலில் ஷிப்டு இருந்தது, பிறகு ஊரில் கரும்பு விவசாயம் இருந்தது, பிறகு பழக்கமாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை உச்சி வெயிலில் ஆட்டம். கண்ணையன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சிமெண்ட் படியில் உட்கார்ந்தார். பார்வையாளர் கூட்டம் என்று சொல்ல ஒரு வாட்ச்மேன், நான்கைந்து கல்லூரிப் பெண்கள், கலையரசன், ஒரு நாய். எதிர்ப் பக்கம் சிவந்த முகத்தோடு ஒரு ரஷ்யப் பெண், பனையில் பாதி உயரம். இவள் எங்கே, அவள் எங்கே என்று அவர் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நல்லவேளை, சீக்கிரம் முடிந்துவிடும் என்று ஒரு மனசு சொன்னது. அடப்பாவி என்று இன்னொரு மனசு அதைத் திட்டியது.

அங்கிட்டும் இங்கிட்டும் பந்து போனது. யாருக்கு என்ன ஆகிறது என்று ஒன்றும் புரியவில்லை. திடீரென்று உயர நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்பயர் ஒலிபெருக்கியில் தெளிவாகச் சொன்னார்:

"கேம், கண்ணையன்."

கண்ணையன் எழுந்து நின்றுவிட்டார். ஆலையில் முப்பது வருஷம் மைக்கில் பேர் கூப்பிட்டால் போய் நின்ற உடம்பு, அது யாரைக் கேட்கும்? துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "இருக்கேங்க சார்" என்றார்.

அம்பயர் அவரைப் பார்த்தார். ரஷ்யப் பெண் பார்த்தாள். கல்லூரிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கலையரசன் ஓடிவந்து, "உங்கள இல்லீங்க, பொண்ணத்தான் சொல்றாங்க, உக்காருங்க" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தார். கண்ணையனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது கோர்ட்டின் நடுவில் பூங்குழலி மட்டையில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று அவர் யோசித்துப் பார்த்தார், பிடிபடவில்லை.

அதற்கப்புறம் அந்தப் பேர் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் உடம்பு எழப் பார்க்கும். துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ரஷ்யப் பெண் வெயிலில் வாடிப்போய் ஐஸ் துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டாள். பூங்குழலிக்கு அது பழைய ஆபீசர்கள் கிளப் வெயில். ஜெயித்துவிட்டாள்.

திரும்பும் வழியில் அரியலூர் தாண்டியதும் கண்ணையன் மெதுவாகக் கேட்டார். "ஏன் பாப்பா, எம்பேர ஏன் சொல்றாங்க?"

"பாஸ்போர்ட்ல குடும்பப் பேருன்னு ஒண்ணு கேப்பாங்கப்பா. நமக்கு ஏது குடும்பப் பேரு? அப்பா பேரத்தான் போட்டாங்க. அவங்க குடும்பப் பேரச் சொல்லித்தான் கூப்புடுவாங்க. உலகம் பூரா நான் கண்ணையன்தான்."

"எல்லா ஊர்லயுமா?"

"எல்லா ஊர்லயும். எகிப்து, துனிசியா, தாய்லாந்து, ஸ்பெயினு..."

ஆலை மைக்கையும் திருமானூர்ச் சந்தையையும் தவிர வேறு எங்கேயும் அந்தப் பேரை உரக்கச் சொல்லி அவர் கேட்டதில்லை. ரேஷன் கடையில் கூட, பிட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டின மனைவியோ புருஷன் பேரை வாயால் சொல்கிற வழக்கமே இல்லாதவள். எதிரே வந்த லாரிக்கு வழிவிட்டுவிட்டுக் கேட்டார்.

"தோத்தாலும் சொல்லுவாங்களா?"

"ஆரம்பிக்கும்போது ரெண்டு பேரையும் ஒரு தடவ சொல்லுவாங்க. அப்பறம் நான் ஒரு கேம், அதான் ஆட்டத்துல ஒரு சுத்து, எடுத்தாத்தான் உங்க பேரு வரும். தோத்த ஊர்லயும் ஏதோ நாலஞ்சு தடவ சொல்லவச்சிருக்கேன்" என்றவள், சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "துருக்கில அந்தல்யான்னு ஒரு ஊரு. அங்க மட்டும் ஆட்டம் ஆரம்பிச்சப்பறம் ஒரு தடவ கூடச் சொல்லல. ஒரு கேம் எடுக்க விடாம அடிச்சுட்டா ஒருத்தி. தோள் வலி ஆரம்பிச்சது அங்கதான். ரெண்டு வருசம் ஆச்சு."

எல்லைக்குள் வண்டி நுழைந்தபோது கோவில் பக்கம் கும்மிப் பாட்டு ஆரம்பித்திருந்தது. ஜெகதாம்பாள் கதவைத் திறந்ததும் முதல் கேள்வியாக, "சொன்னீங்களா?" என்றாள்.

"கெலிச்சுட்டாளே" என்றார் கண்ணையன், ஏதோ தப்புப் பண்ணினவர் மாதிரி.

வியாழக்கிழமையும் அதே கதை. ஒரு ஜப்பான் பெண். குட்டியாக இருந்தாலும் பட்டாசாக ஆடினாள். மதியம் முற்ற முற்ற அவள் சுருதி இறங்கியது, பூங்குழலிக்கு ஏறியது. வெள்ளிக்கிழமை டெல்லிப் பெண் ஒருத்தி முதல் செட்டை எடுத்துவிட்டு, மூன்றாவது செட்டில் காலில் தசை பிடித்து நொண்டினாள். ஒவ்வொரு சாயங்காலமும் ஜெகதாம்பாள் கேட்பாள். ஒவ்வொரு சாயங்காலமும் கண்ணையன், "கெலிச்சுட்டா" என்பார். மூன்றாவது தடவை அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் கொஞ்சமும் இல்லை என்பதை அவள் கவனித்துவிட்டாள். "நல்ல ஆளத் தூது அனுப்புனேன்" என்று முகத்தை வெட்டிக்கொண்டு உள்ளே போனாள். ஆனால் தாளிக்காத பருப்பையும் தயிர்ச் சோற்றையும் மகள் தட்டில் அன்றைக்கு இன்னும் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஊர் என்ன, இந்த ஊர் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டுமிருந்தாள்.

கண்ணையன் வேறு சிலதையும் அந்த வாரத்தில் பார்த்துக்கொண்டார். ஆட்டம் முடிந்ததும் பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் ஐஸைக் கொட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு அதற்குள் அவள் உட்கார்ந்ததைப் பார்த்தார். மட்டைக்கு நரம்பு கட்டுவதையும், வேர்த்த சட்டையைக் குழாயடியில் தானே அலசிப் பிழிவதையும் பார்த்தார். தோற்ற ஜப்பான் பெண் மரத்தடியில் தனியாக உட்கார்ந்து அழுதபோது, பூங்குழலி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு வாழைப்பழத்தை நீட்டினாள். இது மாதிரி மரத்தடியில் தன் மகள் எத்தனை ஊரில் தனியாக உட்கார்ந்திருப்பாள், அவளுக்கு யார் பழம் கொடுத்திருப்பார்கள் என்று அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். சொல்லிவிட வேண்டும், இந்தத் தடவை கட்டாயம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். ஆனால் தோற்றால்தானே சொல்ல முடியும்.

சனிக்கிழமை அரையிறுதி. அன்றைக்குப் பார்த்து கோடை மேகம் திரண்டு வெயிலை மறைத்துவிட்டது. காற்று வேறு குளுகுளுவென்று வீசியது. ஊரெல்லாம் அப்பாடா என்றது. கண்ணையன் ஒருத்தர்தான் மேகத்தைத் திட்டினார். எதிரில் பதினெட்டு வயசு தாய்லாந்துப் பெண். பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்த மாதிரி போய் நின்றாள்.

முதல் செட் பூங்குழலிக்கு. இரண்டாவது செட் அந்தப் பெண்ணுக்கு. மூன்றாவது செட்டில் பூங்குழலியின் தோள் இறங்கிவிட்டது. மட்டையைத் தலைக்கு மேல் தூக்கும்போது கை பாதியில் தயங்குவது படியிலிருந்தே தெரிந்தது. ஒரு கேம் போனது, இன்னொன்று போனது. அம்பயர் தாய்லாந்துப் பேரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்துக்குச் சைபர்; இன்னும் ஒரு கேம் போனால் ஆட்டம் முடிந்தது.

கூட்டம் அன்றைக்குக் கொஞ்சம் அதிகம். 'கண்ணையன் அப்பா'வின் கதை விடுதி முழுக்கப் பரவி, கல்லூரிப் பெண்கள் ஒரு பட்டாளமாக வந்து அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் கைதட்டுவதை நிறுத்திவிட்டார்கள். கண்ணையன் மகளையே பார்த்தார். அவள் இடைவேளையில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இனி எழுந்திருக்கமாட்டாள் என்று அவருக்குத் தோன்றியது. எழுந்தாள். தோளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். வலிக்கிறது என்பது தெரிந்துபோய், மேலே தூக்கி அடிப்பதை விட்டுவிட்டு, பந்தைத் தாழ்வாக வெட்டி வெட்டிப் போட ஆரம்பித்தாள். அந்தப் பெண் அதை எதிர்பார்க்கவில்லை. மூன்று பந்தை வலையில் அடித்தாள், ஒன்றை வெளியே அடித்தாள்.

"கேம், கண்ணையன்."

இந்தத் தடவை கண்ணையன் வேண்டுமென்றே எழுந்தார். துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். அவருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக எழுந்து நின்று கைதட்டினார்கள். அம்பயர் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். அவரும் சிரித்துக்கொண்டுதான் காட்டினார். பூங்குழலி அப்பாவை ஒரு தடவை பார்த்தாள். அடுத்த கேமையும் எடுத்தாள். மறுபடியும் அந்தப் பேர் வந்தது, மறுபடியும் எல்லோரும் எழுந்தார்கள்.

அவ்வளவுதான். அதற்கடுத்த கேமில் தாய்லாந்துப் பெண் ஆட்டத்தை முடித்துவிட்டாள். ஆறுக்கு இரண்டு. பூங்குழலி வலைக்கு வந்து அந்தப் பெண்ணின் கையைக் குலுக்கினாள், அம்பயர் கையைக் குலுக்கினாள், மட்டைகளைப் பையில் ஒழுங்காக அடுக்கினாள். எதற்கும் அவசரப்படவில்லை.

வண்டியில் ஏறியதும் அழுதாள். சத்தம் போடாமல், அரியலூர் தாண்டிக் கீழப்பழூர் வரைக்கும் அழுதாள். கண்ணையன் ரேடியோவைப் போடவில்லை. கீழப்பழூரில் வண்டியை ஓரங்கட்டி, டீ வாங்கிக் கொடுத்தார். குடித்து முடித்துவிட்டு அவளே பேச்சை எடுத்தாள்.

"தோத்துட்டேன்பா. இப்பச் சொல்லுங்க."

"என்னத்தம்மா?"

"அம்மா சொல்லச் சொன்னத. செவ்வாக்கெழமலேருந்து தொண்டையில வச்சுக்கிட்டுச் சுத்தறீங்களே, எனக்குத் தெரியாதா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கு நான் தூங்கலப்பா. மேளம் அடிக்கறதுக்கு முன்னாடியே முழிச்சிட்டேன். காப்புக் கட்டப் போறாங்கன்னு தெரிஞ்சுதான் படுத்துக் கெடந்தேன். திரும்ப ஒரு ரூமுக்குப் போயி, தனியாக் கதவத் தொறக்க மனசு வரல. யாராச்சும் நிறுத்துனா நின்னுரலாம்னு இருந்துச்சு."

"இப்ப?"

"இப்பத் தெரியல. அஞ்சுக்குச் சைபர்ல நிக்கும்போது கூட, அடுத்த பந்த எங்க போடலாம்னுதான் தோணுச்சு. நிறுத்தணும்னு தோணல. ஆனா நீங்க வந்துருன்னு சொன்னா வந்துருவேன். நாளைக்குக் கலையரசன் சாருக்குப் பதில் சொல்லணும்."

கண்ணையன் வண்டியைக் கிளப்பினார். இரண்டு பக்கமும் கரும்பு வயல்கள் வந்தன. ஒரு வார்த்தைதான். சொன்னால் மகள் கண்ணுக்கு முன்னால் இருப்பாள், ஜெகதாம்பாள் நிம்மதியாகத் தூங்குவாள், அவரும் தூங்குவார். ஆசையாகத்தான் இருந்தது. வாயைத் திறந்தார். ஐந்துக்குச் சைபரில் அவள் தோளைச் சுற்றிப் பார்த்துவிட்டு எழுந்து நின்ற நிற்பு கண்ணுக்குள் வந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

ஊர் வளைவில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு கேட்டார். "அந்தத் துருக்கி ஊர்ல மறுபடி எப்ப ஆட்டம்?"

பூங்குழலி திரும்பிப் பார்த்தாள். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செப்டம்பர்ல இருக்கு" என்றாள். குரல் உடைந்து வந்தது.

"அங்க ஒரு தடவயாச்சும் சொல்லவச்சுட்டு வா. நிறுத்தறதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்."

அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டும் ஒன்றாக வந்தது. அவருக்கும் கண் மறைத்தது. எல்லைக் கல்லில் வண்டி இடிக்காமல் தப்பியது மாரியம்மன் புண்ணியம்.

இன்னும் விளக்கு வைக்கவில்லை. ஜெகதாம்பாள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். மகள் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. பூங்குழலி குளிக்கப் போகிறவரை பொறுத்திருந்து, புருஷனிடம் வந்தாள்.

"தோத்துட்டாளா?"

"தோத்துட்டா."

"அப்பச் சொல்லிட்டீங்க."

கண்ணையன் துண்டை உதறி மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார். "செப்டம்பர்ல துருக்கி போறா" என்றார்.

ஜெகதாம்பாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். திட்டு வரப்போகிறது என்று அவர் தயாராக நின்றார். கிணற்றடியில் மகள் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொள்கிற சத்தம் கேட்டது. ஜெகதாம்பாள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தத் துருக்கிலதான உங்க பேரச் சொல்லலியாம்?"

"ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"எல்லாம் சொன்னா. நாளைக்குக் காப்பு அறுத்துருவாங்க. அவ கெளம்பறப்ப புளிக்காச்சல் கிண்டித் தரேன்" என்றாள் ஜெகதாம்பாள். "வெறும் வயித்தோட ஆடுனா அந்த மைக்குக்காரன் எப்புடி உங்க பேரச் சொல்லுவான்?"